புறப்படுமுன் பெறவேண்டிய கல்வி

நுழையும்முன்

அயல்நாட்டுப் பள்ளியில் ஓராண்டு பயிலும் வாய்ப்பு இன்று பதின்பருவத்தினர்க்கும் கிட்டுகிறது. கடவுச்சீட்டும் பயணச்சீட்டும் கைக்கு வந்ததும் ஒருவர் ஆயத்தமாகிவிட்டார் எனக் கொள்ளலாமா?

கி.பி. 671இல் ஈ-சிங் என்னும் சீனத் துறவி, நாளந்தாவில் பயில விரும்பிக் கடல்வழியே புறப்பட்டார். அவர் நேரே இந்தியாவுக்கு வரவில்லை. வழியில் சுமத்திராத் தீவின் ஸ்ரீவிஜயத்தில் ஏறத்தாழ ஆறு திங்கள் தங்கிச் சமற்கிருத இலக்கணம் கற்றார். தமக்குப்பின் வரும் துறவியரும் அங்கே ஓரிரு ஆண்டுகள் தங்கி, முறைமைகளைப் பழகியபின் இந்தியாவுக்குச் செல்வதே நன்று என்றும் எழுதிவைத்தார். ஆயத்தமும் கல்வியின் ஒரு பகுதியே என்பதற்கு இது பழைய சான்று.

விருந்தினரும் உறுப்பினரும்

உலகப் போர்க்களங்களில் காயமுற்றோரை ஊர்திகளில் ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வலர் அமைப்பு ஏ.எப்.எஸ். நாடுகளுக்கிடையே புரிதல் வளரவேண்டும் என்னும் நோக்குடன் அது 1947இல் பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. 2002இல் அமெரிக்க அரசு உருவாக்கிய கென்னடி–லூகர் திட்டத்தின்வழி இந்திய மாணவர்களும் உதவித்தொகை பெற்று, அமெரிக்கக் குடும்பங்களில் தங்கி, ஓராண்டு பள்ளியில் பயின்றுள்ளனர். 2019 சனவரியில் தமிழக அரசு, அரசுப்பள்ளி மாணவர் 50 பேரைப் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் அனுப்பியது. கடல்கடந்த கல்வி வசதிபடைத்தோர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அப்பயணம் காட்டியது.

எனினும், சில நாள் பயணம் வேறு; ஓராண்டு வாழ்க்கை வேறு. சில நாள் செல்பவர் விருந்தினர். ஓராண்டு தங்குபவர் அவ்வீட்டின் உறுப்பினர். இவ்வேறுபாட்டை உணர்வதே ஆயத்தத்தின் முதற்படி.

சிறியன போலத் தோன்றும் பெரியன

ஆங்கிலப் பேச்சும் கம்பளி ஆடையும் தேவையே. ஆயினும் அவை மட்டும் போதா. ‘படிக்கிற பிள்ளை’ என்று வீட்டுவேலையிலிருந்து விலக்கப்பட்டு வளர்ந்தவர், உண்ட தட்டைக் கழுவுதலும் தம் அறையைத் துப்புரவு செய்தலும் அனைவர்க்கும் பொதுவான வீட்டில் இடர்ப்படுவார். தமிழர் இல்லத்தில் விருந்தினர் ‘வேண்டாம்’ என்பார். வீட்டார் வற்புறுத்தி உண்பிப்பர். பல மேலைநாட்டு வீடுகளிலோ ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்றே பொருள். இதனை அறியாதவர் கூச்சத்தால் பசியோடு உறங்க நேரும். புரியாதபோது தலையசைத்து நிற்காமல், ‘புரியவில்லை, மீண்டும் கூறுங்கள்’ என்று கேட்கும் துணிவும் பழகிப் பெறவேண்டியதே.

புதிய நாட்டில் முதலில் வியப்பும், பின்னர்ச் சோர்வும், அதன்பின் மெல்லத் தேறுதலும் நிகழும் என்பதை மானிடவியலறிஞர் கலேர்வோ ஓபெர்க் 1960இல் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்னும் கருத்தால் விளக்கினார். வீட்டுநினைவால் வரும் கண்ணீர் தோல்வியின் அடையாளமன்று. கடந்துசெல்லும் ஒரு நிலையே. இதனை முன்னரே அறிந்தவர், திரும்பிவிடலாம் என்னும் அவசர முடிவுக்கு எளிதில் ஆட்படமாட்டார்.

தன் மண்ணை அறிதல்

‘உன் ஊர் எத்தகையது?’ என்பதே அயல்நாட்டு வகுப்பறையில் எதிர்கொள்ளும் முதல் வினாக்களுள் ஒன்றாக இருக்கும். உத்தமபாளையத்து மாணவரிடம் அதற்கான விடை உண்டா? மேற்கு நோக்கி ஓடிய ஆற்றுநீர், பென்னிகுவிக் முன்னின்று கட்டி 1895இல் நிறைவுற்ற அணையால் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் விளைகின்றன. இப்பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பாறையில் சமணச் சிற்பங்களும் வட்டெழுத்துகளும் உள்ளன. இவற்றை அறியாது செல்பவர் பெற்றுவர மட்டுமே இயலும், பரிமாற இயலாது.

அயலவரோடு பழகும் பயிற்சிக்கும் தொலைவு செல்லவேண்டியதில்லை. கம்பம் கடந்து மலையேறினால் குமுளி. அங்கே பேச்சும் உணவும் மாறுகின்றன. ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்றுவரும் உழைப்பாளர்கள் இருமொழி வழங்கி வாழ்கின்றனர். அவர்தம் பட்டறிவும் மாணவர்க்குப் பாடமாகும்.

பெற்றோரும் பள்ளியும்

‘ஓராண்டு வீணாகுமே, பிள்ளை பழக்கம் மாறிவிடுமே’ என்னும் பெற்றோரின் அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. திரும்பியபின் எவ்வகுப்பில் சேர்வது, அயல்நாட்டு மதிப்பெண் ஏற்கப்படுமா என்பனவற்றைப் புறப்படுமுன்னரே பள்ளியில் எழுத்துவடிவில் கேட்டறிதல் முதல் அச்சத்தை நீக்கும். இரண்டாவதற்கு விடை, பிள்ளையை வீட்டில் நிறுத்துவதன்று. எதனை ஏற்பது, எதனை மறுப்பது எனத் தெளியும் அறிவை ஊட்டி அனுப்புவதே. இடர் நேர்ந்தால் யாரிடம் கூறுவது என்பதையும் பெற்றோரும் மாணவரும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

இத்தகைய ஆயத்தத்தைத் தேர்வுபெற்ற ஓரிருவர்க்கு மட்டும் அளித்தல் போதாது. வீட்டுவேலை, வினவும் துணிவு, ஊரறிவு, அயலாரை மதித்தல் ஆகியவை கடல்கடவாதவர்க்கும் பயன்படுவன. பள்ளிகள் இவற்றை அனைவர்க்கும் பயிற்றினால், வாய்ப்பு எவர் வீட்டுக் கதவைத் தட்டினும் அவர் ஆயத்தமாகவே இருப்பார்.