படுக்கையருகே இருப்பவரின் வாக்கு



பொன்முடி மலைக்கு ஏறும் பாதையின் அடிவாரத்தில் உள்ளது கல்லாறு. அங்குள்ள நம்மவர் இல்லம் ஒன்றிற்கு அண்மையில் சென்றிருந்தேன். தொண்ணூறு வயதை எட்டும் மூதாட்டி ஒருவர் படுக்கையில் இருந்தார். அவருக்கு மருமகள் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு 2024-ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலைப் பற்றித் திரும்பியது.

“எனக்காக நான்கு பேர் வீடு தேடி வந்தனர். இவளுக்காக ஒருவரும் வரவில்லை. ஏப்ரல் 26-ஆம் நாள் முழுவதும் இவள் என்னருகிலேயே இருந்துவிட்டாள்” என்றார் மூதாட்டி. மருமகள் மறுமொழி கூறவில்லை.

அம்மூதாட்டியை நாடி அலுவலர்கள் வந்தது சலுகையன்று, உரிமை. 85 வயது நிரம்பியோரும், நூற்றுக்கு நாற்பது பங்கும் அதற்கு மேலும் உடற்குறை உள்ளதாகச் சான்று பெற்றோரும் இல்லத்திலிருந்தே வாக்களிக்கலாம். நாடு முழுவதற்குமான மக்களவைத் தேர்தலில் இவ்வசதி முதன்முறையாக வழங்கப்பட்டது 2024-இல்தான். இதற்குரிய 12-டி படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டிற்கே கொணர்வார். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் அதனை நிரப்பித் தருதல் வேண்டும். பின்னர்த் தேர்தல் அலுவலர்கள் காவலருடனும் ஒளிப்பதிவாளருடனும் வருவர். வாக்கு மறைவாகவே இடப்பெற்று, உறையிலிட்டு ஒட்டப்பெறும். இவ்வழியைத் தேர்ந்தவர் பின்பு சாவடியில் வாக்களிக்க இயலாது.

சாவடிக்கே செல்ல விரும்புவோர்க்கும் வழியுண்டு. வாக்குப் பொறியில் பிரெயில் எண்கள் உள்ளன. பார்வையற்றோரும் பொத்தானை அழுத்த வலுவற்றோரும் 18 வயது நிரம்பிய துணைவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். ஆனால் ஒருவரே பலருக்குத் துணைவராக நிற்றல் கூடாது.

நம்மவர் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு. முதிய பெற்றோரைத் திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ இங்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டுள்ளோர் நம்மிடையே பலர். அவர்தம் பெயர் பழைய ஊர்ப் பட்டியலிலேயே இருந்தால், இங்குள்ள அலுவலர் எங்ஙனம் வருவார்? 8-ஆம் எண் படிவம் அளித்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். தேர்தல் நெருங்கும் வரை காத்திராதீர்கள்.

இனி, அம்மருமகளின் நிலைக்கு வருவோம். நோயாளியைப் பேணுவோர்க்கு நமது சட்டம் அஞ்சல் வாக்குரிமை வழங்கவில்லை. அவர் உடல்நலம் உள்ளவர், ஆகவே சாவடிக்கு வரலாம் என்பது சட்டத்தின் எண்ணம். ஆனால் ஒரு நாழிகையும் தனியே விடற்கரிய நோயாளியை எவரிடம் ஒப்புவித்துச் செல்வது? ஆஸ்திரேலிய நாட்டில், நோயுற்றவரைப் பேணும் கடமையால் சாவடிக்கு வர இயலாதவரும் அஞ்சல் வழியே வாக்களிக்கலாம். அத்தகைய விதி இங்கும் வேண்டும் எனக் கேட்பது நியாயமே.

ஒரு வாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணற்க. கல்லாறு அடங்கிய ஆற்றிங்கல் தொகுதியில், 2024-இல் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை இரு வேட்பாளர்கள் தம்முள் ஏறத்தாழச் சமமாகப் பெற்றனர். வென்றவருக்கும் அடுத்தவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 684 வாக்குகளே! வீட்டில் கட்டுண்டு கிடந்த மருமகள்களும் மகள்களும் அத்தொகுதியில் எத்தனை பேரோ!

சட்டம் மாறும் வரை நாம் வாளாவிருத்தல் தகாது. வாக்களிப்பு நாளில் தமக்குரிய வாக்கை அளித்த பின், அண்டை வீட்டு நோயாளியின் அருகே இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்க ஒருவர் முன்வந்தால் போதும்; அவ்வீட்டுப் பெண் சென்று வாக்களித்துத் திரும்பிவிடுவாள். எக்கட்சிக்கு என்று அவளைக் கேட்க வேண்டுவதில்லை. நோயாளிக்கு எவ்வேளையில் மருந்து, எவ்வேளையில் உணவு என்று கேட்டுக்கொண்டால் அமையும்.

உங்கள் தெருவில் இத்தகைய இல்லங்கள் எவை என்பதை இப்பொழுதே குறித்துவையுங்கள். துணையிருக்க இசையும் அன்பர்கள் தம் பெயரைச் சங்கச் செயலாளரிடம் அளிப்பார்களாக. கல்லாற்று இல்லத்திற்கு என் பெயரை முன்னரே அளித்துவிட்டேன்.