சரித்திரம் கற்றோருக்கு அரசியல் ஆகாதோ?

"பேராசிரியருக்கு அரசியல் எதற்கு?" என்று தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவர் சிலர் ஓயாது கேட்கின்றனர். கேட்போரில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்துக் காரியாலய நாற்காலி பெற்றவர்களே. கல்விச் சாலையில் கட்சியின் காற்றும் வீசலாகாது என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் நில்லாது என்பதற்குப் பினாங்கே சாட்சி.

வாங் குங்வூ என்னும் சரித்திர ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். சுரபாயாவில் பிறந்து ஈப்போவில் வளர்ந்த இவர், 1953-ல் சிங்கப்பூரிலிருந்த மலாயா சர்வகலாசாலையின் சமதர்மச் சங்கத்திற்கு முதல் தலைவரானார். மறு ஆண்டில் அச்சங்கத்தின் 'பஜார்' பத்திரிகையை நடத்திய மாணவர் எண்மர்மீது வெள்ளையர் சர்க்கார் ராஜத்துவேஷ வழக்குத் தொடுத்தது. அருட்சோதி, ராஜகுமார் என்னும் பெயர்களும் அவ்வெண்மரில் உண்டு. வழக்குத் தோற்றது, எண்மரும் விடுதலையாயினர்.

1968-ல், கோலாலம்பூரில் சரித்திரப் பேராசிரியராய் விளங்கிய அவர், சையத் ஹுசேன் அலாத்தாஸ், டாக்டர் டான் சீ கூன், பினாங்கு லிம் சோங் யூ முதலியோருடன் கெராக்கான் கட்சியைத் தோற்றுவித்தார். இனம் பாராத அரசியலே அதன் கொள்கை. 1969 தேர்தலில் தொழிற்கட்சி ஒதுங்கி நின்றது. கெராக்கானோ பினாங்குச் சட்டசபையின் 24 ஸ்தானங்களில் 16-ஐக் கைப்பற்றியது. கற்றோர் அன்று வாய்மூடியிருந்தால், இனம் பேசாத கட்சியை நாடிய பினாங்குத் தொழிலாளி எங்கே போயிருப்பான்?

"அக்கட்சி பின்னர் ஆளுங்கூட்டணியில் கலந்துவிட்டதே!" என்பர். மெய்தான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். வாங் குங்வூ 1968-லேயே ஆஸ்திரேலியா சென்றார். 1971-ல் அலாத்தாஸும் டான் சீ கூனும் வெளியேறினர். 1972-ல் கூட்டு நேர்ந்தது. 1974-ல் கட்சி தேசிய முன்னணியில் அடங்கியது. அறிஞர் புகுந்ததால் வந்த கேடா இது? அவர் நீங்கிய பின் வந்த கேடன்றோ!

ஆட்சியாளருக்கு இவ்வுண்மை நன்கு தெரியும். 1971-ல் சர்வகலாசாலைச் சட்டம் பிறந்தது. 1974-ல் ரப்பர் விலை வீழ்ந்து பாலிங் குடியானவர் பசியால் கிளர்ந்தபோது மாணவர் துணைநின்றனர். 1975-ல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. மாணவர் கட்சியில் சேரலாம் என்னும் தளர்வு 2012-ல்தான் வந்தது. ஒன்றுக்கும் உதவாத பொருளுக்கு எவரேனும் இத்தனை பூட்டுப் போடுவரோ?

செக்ரோல் எழுதும் கிராணிமாராகிய நாம் அறிவோம்: அவ்வேட்டில் கூலி இருக்கும், அக்கூலி ஏன் அவ்வளவு என்பது இராது. 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவும் ஒழிய வேண்டுமென்றனர். அதை எந்தச் செக்ரோல் சொல்லும்? சரித்திரம் சொல்லும். சொல்ல வல்லவனை வகுப்பறைக்குள் அடைத்துவிட்டு, நமக்கு நாதியில்லை என்று புலம்புவது பேதைமை.

ஆதலால் தோழர்களே, பேராசிரியரைக் கண்டால் "ஏன் புகுந்தீர்?" என்று கேளாதீர், "ஏன் விலகினீர்?" என்று கேளுங்கள்!