முதல் வரிசையில் முடங்கும் ரசிகர்கள்

லிப்ட் இருக்கிறது, அரங்கின் வாசல்வரை சாய்தளமும் இருக்கிறது. கதவைத் திறந்தால் படிகள். பல மல்டிபிளெக்ஸ்களில் சக்கர நாற்காலியில் வருபவருக்கு மிஞ்சுவது திரையை ஒட்டிய முதல் வரிசைதான். குடும்பம் மேலே உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் இரண்டரை மணி நேரம் அண்ணாந்தபடி படம் பார்க்கிறார். முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு இப்படி நடத்துவது அநீதி.

பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தேவையான ஒலி விவரணை, வசனவரி, சைகை மொழி ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே வலியுறுத்துகிறது. 2023 ஜனவரியில் ‘பதான்’ படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஒலி விவரணை, வசனவரி வசதிகளைச் செய்யும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசு திரையரங்குகளுக்கும் நெறிமுறை வகுத்தது.

தொழில்நுட்பம் தடையல்ல. வசனங்களுக்கு இடையிலான மௌனத்தில், திரையில் நடப்பதை ஒரு குரல் விவரிப்பதே ஒலி விவரணை. பார்வையற்றவர் அதைக் கைப்பேசியின் இயர்போனில் கேட்கலாம், பக்கத்து இருக்கைக்குத் தொந்தரவில்லை. தமிழ்ப் படங்களுக்கு வரும் வசனவரியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த, காது கேளாத பார்வையாளருக்கு அதனால் என்ன பயன்? தமிழிலேயே வசனவரி வேண்டும். கதவு தட்டும் ஓசையும் பின்னணி இசையும்கூட அதில் இடம்பெற வேண்டும்.

படத்தொகுப்பின்போதே தயாரிப்பாளர்கள் ஒலி விவரணைக்கும் வசனவரிக்கும் திட்டமிடட்டும். உரிமம் புதுப்பிக்கும்போது நடு வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கிறதா என்று அதிகாரிகள் நேரில் பார்க்கட்டும். திரைப்பட விழாக்களில் இயக்குநர்களுடனான கலந்துரையாடலுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை இந்த ஆண்டே அமர்த்தலாம்.