‘த்ரில்ட் டு அனௌன்ஸ்’ போதும், என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க

பிளேஸ்மென்ட் சீசன் வந்துடுச்சுன்னு காலண்டரைப் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. லிங்க்ட்இன்னைத் திறந்தாலே போதும். மூணு மாசமா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத நம்ம கிளாஸ்மேட் திடீர்னு ‘த்ரில்ட் டு அனௌன்ஸ்’ என்று ஆரம்பிச்சிருப்பான். கீழே ரெண்டு மணி நேர ஆன்லைன் கோர்ஸோட சர்டிஃபிகேட், நாலு ராக்கெட் எமோஜி, பதினைஞ்சு ஹேஷ்டேக். எச்.ஓ.டி.யில் தொடங்கி ஹாஸ்டல் ரூம்மேட் வரைக்கும் இருபது பேருக்கு டேக். நாமும் ‘கங்கிராட்ஸ் மச்சி’ போட்டுட்டு நகர்ந்துடுவோம். நாளைக்கு நாம போட்டா அவன் வந்து போடணுமே! கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். யார் எவ்வளவு எழுதினாங்கன்னு நோட்டு இருக்கு, திருப்பி எழுதியாகணும்.

மொய் எழுதுறதுல தப்பில்லை. ஆனா அந்த மொய்யை எண்ணிப் பார்த்துட்டு, ‘நம்ம புரொஃபைல் நல்லா போகுது’ன்னு நம்புறோம் பாருங்க, அங்கதான் எனக்கு உடன்பாடு இல்லை. நமக்கு லைக் போடுறவங்க யாரும் நமக்கு வேலை தரப் போறவங்க இல்லை. வேலை தரக்கூடியவர் நம்ம போஸ்ட்டைப் படிக்கவே இல்லை. அவர் படிக்கிற மாதிரி நாம எழுதவும் இல்லை. இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது.

படிக்கிறவர் யாரு?

பிசினஸ் உலகத்துக்குன்னு எழுதும்போது, அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆளை முதல்ல மனசுல கொண்டு வாங்க. ஒருத்தர் எச்.ஆர். ஒரே நாள்ல நூத்துக்கணக்கான பேரோட பக்கத்தைப் புரட்டுறவர். இன்னொருத்தர் டீம் லீடோ, புரொடக்‌ஷன் மேனேஜரோ. புதுசா ஒரு பையனோ பொண்ணோ வந்தா எத்தனை மாசம் கத்துக்கொடுக்கணும் என்பதுதான் அவரோட கவலை. மூணாவது ஆள் சின்ன யூனிட் நடத்துற முதலாளி. காலையில் ஆள் வரலை, மத்தியானம் கரண்ட் இல்லை, சாயங்காலம் பேமென்ட் வரலைன்னு ஓடிட்டிருப்பவர்.

இந்த மூணு பேருக்கும் பொதுவா ஒண்ணு உண்டு. நேரம் கிடையாது. டீ ஆறுறதுக்குள்ள போன்ல தள்ளிட்டே போவாங்க. லிங்க்ட்இன் ஒரு போஸ்ட்டுக்கு 3000 எழுத்து வரைக்கும் இடம் தருது. ஆனா ஃபீடில் கண்ணுக்குத் தெரியறது முதல் சில வரிதான். மீதி எல்லாம் ‘மேலும் பார்க்க’ என்ற சின்ன எழுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். அந்த முதல் சில வரியை நாம எதுக்குச் செலவு பண்றோம்? ‘இந்த வாய்ப்பை அளித்த மதிப்பிற்குரிய கல்லூரி நிர்வாகத்துக்கும்...’ என்று நன்றி சொல்றதுக்கு. ஆண்டு விழா வரவேற்புரையை உட்கார்ந்து கேட்கிற மாதிரி இதையும் கேட்பாங்கன்னு நினைக்காதீங்க. அங்கே நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. இங்கே கட்டை விரலை அசைச்சா போதும்.

நான் போட்ட போஸ்ட்டும் நான் கெடுத்த காரியமும்

அட்வைஸ் பண்றதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடுறேன். ஆறாவது செமஸ்டர் முடிஞ்ச லீவுல, கோவைப் பக்கம் நாலு சி.என்.சி. லேத் ஓடுற ஒரு சின்ன யூனிட்ல பதினைஞ்சு நாள் இன்பிளான்ட் டிரெயினிங் போனேன். முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே போஸ்ட் போட்டேன். ‘வெற்றிகரமாகப் பயிற்சியை முடித்ததில் பெருமகிழ்ச்சி. சி.என்.சி., லீன் மேனுஃபாக்சரிங், டீம் ஒர்க் ஆகியவற்றில் நல்ல அனுபவம் பெற்றேன்’ என்ற ரகத்தில் இங்கிலீஷில் ஒரு பத்தி. கூடவே மெஷின் பக்கத்துல நின்னு எடுத்த போட்டோ. நூத்தி நாப்பது லைக். எனக்குத் தலைகால் புரியலை.

மூணாவது நாள் அந்த யூனிட் ஓனர் போன் பண்ணார். “தம்பி, அந்தப் போட்டோவ மொதல்ல எடுத்துருங்க. கஸ்டமர் கூப்பிட்டுக் கேக்கறாருங்க.” போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். எனக்குப் பின்னாடி மெஷின் கதவுல கிளிப் போட்டு மாட்டியிருந்த டிராயிங். அதுல பார்ட் நம்பர், கஸ்டமர் கம்பெனி பேர், அளவுகள் எல்லாம் தெளிவாத் தெரியுது. இப்போ வர்ற போன் கேமராவோட தரம் அப்படி.

உடனே டெலீட் பண்ணிட்டு, மறுநாள் நேர்லயே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டலை. டீ சொன்னார். “பதினஞ்சு நாள் இருந்தீங்களே, என்ன பண்ணுனீங்கன்னு எழுதுனா சரி. போட்டோவுல என்ன இருக்குதுங்க?” என்றார். என்னை மன்னிச்சுட்டார். ஆனா எனக்கு அடுத்து அங்கே போகக் கேட்டிருந்த ஜூனியர்ஸ் நாலு பேரை அவர் எடுக்கலை. அந்த நாலு பேருக்கு நான் யாருன்னே தெரியாது. என்னோட நூத்தி நாப்பது லைக்குக்கு விலை கொடுத்தது அவங்கதான்.

அதனால என் முதல் வேண்டுகோள், எப்படி எழுதணும் என்பதைப் பத்தியே இல்லை. கம்பெனிக்குள்ள எடுத்த எதையும், போட்டோவோ ஸ்க்ரீன்ஷாட்டோ கோடோ, கேட்காம வெளியே போடாதீங்க. சாஃப்ட்வேர் இன்டர்ன்ஷிப் போறவங்களுக்கும் இது பொருந்தும். ஸ்க்ரீன்ஷாட்டுல ஒரு டேப்போட தலைப்பு, ஒரு வாடிக்கையாளர் பேர், ஒரு ஏ.பி.ஐ. கீ தெரிஞ்சாலும் போதும், வினைதான். ‘சார், இதைப் போடலாமா?’ன்னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது.

ரெண்டாவது போஸ்ட்

அவர் கேட்ட கேள்வி மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. என்னதான் பண்ணேன்? உண்மையிலேயே ஒரு வேலை பண்ணியிருந்தேன். அதைத்தான் போஸ்ட்ல எழுதவே இல்லை! ஒரு வாரம் கழிச்சு இப்படி எழுதி, முதல்ல அவருக்கு அனுப்பி, அவர் சரின்னு சொன்ன பிறகு போட்டேன்:

‘ஒரு சி.என்.சி. லேத்தில் ஒரு ஜாப் முடிந்து அடுத்த ஜாப் செட்டிங் போட சராசரியாக 52 நிமிடம் ஆனது. எட்டு முறை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். அதில் 19 நிமிடம் ஜா, இன்சர்ட், கேஜ் ஆகியவற்றைத் தேடி நடப்பதிலேயே போனது. அடுத்த ஜாபுக்கு வேண்டியதை முன்கூட்டியே எடுத்து வைக்க ஒரு டிராலி செய்தோம். அதன் பிறகு பார்த்த ஆறு செட்டிங்கில் சராசரி 36 நிமிடம். சாஃப்ட் ஜா போரிங் பண்ணும் நேரத்தைக் குறைக்க என்னால் முடியவில்லை. இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.’

அவ்வளவுதான். எமோஜி இல்லை, டேக் இல்லை. லைக் முப்பதைத் தாண்டலை. ஆனா மூணு கமென்ட் வந்துச்சு. மூணுமே எனக்குத் தெரியாத ஆட்கள், மூணு பேருமே ஷாப் ஃப்ளோர்ல வேலை செய்றவங்க. ஒருத்தர் ஜாவை எப்படிக் குறி வெச்சுத் திரும்ப அதே இடத்துல மாட்டறதுன்னு நீளமா எழுதியிருந்தார். வேலை கிடைச்சுதான்னு கேட்காதீங்க, கிடைக்கலை. ஆனா அடுத்து போன இன்டர்வியூவில் இந்த 52-ஐயும் 36-ஐயும் பத்தித்தான் பத்து நிமிஷம் பேச்சு. ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ கேள்விக்கு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தது எதுவும் தேவைப்படலை.

இந்த முறைக்கு உற்பத்தித் துறையில் ஒரு பேர் இருக்கு, ‘எஸ்.எம்.இ.டி.’. ஜப்பானைச் சேர்ந்த ஷிகியோ ஷிங்கோ உருவாக்கினது. மெஷின் நின்ன பிறகு செய்ற வேலையில், ஓடும்போதே செய்யக்கூடியதைப் பிரிச்சு எடுக்கிறதுதான் அதோட சாரம். போஸ்ட்ல இந்தப் பேரைப் போட்டிருந்தா அறிவாளி மாதிரி தெரிஞ்சிருக்கும். போடாம நடந்ததைச் சொன்னதால, செஞ்சவன்னு தெரிஞ்சது. படிக்கிற மேனேஜருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் நல்லாவே புரியும்.

அப்போ எப்படித்தான் எழுதுறது?

ரெண்டு போஸ்ட்டுக்கும் நடுவுல என்ன மாறுச்சுன்னு பாருங்க. முதல் வரியிலேயே பிரச்சினை வந்துடுது. அளந்த எண் இருக்கு, எத்தனை தடவை அளந்தேன் என்பதும் இருக்கு. ‘செயல்திறன் வெகுவாக மேம்பட்டது’ என்ற வாக்கியத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க, ஏன்னா யாரும் நம்பவே மாட்டாங்க. ‘செய்தோம்’ என்று எழுதினேன், ஏன்னா டிராலியை வெல்டு பண்ணினது அங்கே வேலை செய்ற அண்ணன், நான் இல்லை. முடியாததை முடியலைன்னு சொன்னேன். அந்த ஒரு வரிதான் மூணு பேரையும் பேச வெச்சது. எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி எழுதினா யாரும் நமக்கு எதுவும் சொல்லித் தரமாட்டாங்க.

இன்னொரு பழக்கம். முதல்ல தமிழ்ல எழுதுங்க. ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் ஃப்ரெண்டுக்கு ‘டேய், இன்னைக்கு என்னாச்சு தெரியுமா’ன்னு சொல்ற மாதிரி எழுதிட்டு, அதுக்கப்புறம் தேவைன்னா இங்கிலீஷுக்கு மாத்துங்க. நேரா இங்கிலீஷில் ஆரம்பிச்சா கை தானாவே ‘பேஷனேட்’, ‘இன்சைட்ஃபுல்’ என்ற பாதையில் போயிடுது. சாட்ஜிபிடி-கிட்ட கொடுத்தாலும் இதே கதைதான். அதுக்கு உங்க ஸ்டாப்வாட்ச்ல என்ன காட்டுச்சுன்னு தெரியாது. அதனால எல்லாருக்கும் பொருந்துற ஒரு சட்டையைத் தைச்சுக் கொடுக்கும். இலக்கணம் திருத்த வெச்சுக்கோங்க, விஷயம் உங்களோடதா இருக்கட்டும்.

தமிழ்லயே போட்டாலும் தப்பில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, கோவை பம்ப் யூனிட்டுக்கோ பயன்படுற ஒரு சின்ன டூல் பண்ணியிருந்தா, அதை வாங்கக்கூடியவர் தமிழ்ல யோசிக்கிறவரா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

போஸ்ட்டை அழகாக்கணும்னு வெப்சைட்ல போய் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து எடுத்து ஒட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது உண்மையான ஃபான்ட் இல்லை. கணிதக் குறியீட்டுக்காக யூனிகோடில் ஒதுக்கின தனி எழுத்துகள். பார்வையற்றவங்க பயன்படுத்துற ஸ்க்ரீன் ரீடர் அதை ஒழுங்கா வாசிக்காது. சில சமயம் ஒவ்வொரு எழுத்தையும் குறியீட்டுப் பேரோட இழுத்து இழுத்துச் சொல்லும், சில சமயம் விட்டுட்டே போயிடும். இன்ஜினியர்னு சொல்லிக்கிற நாம இதைத் தெரிஞ்சுக்கிட்டே செய்யக் கூடாது.

‘கேம்பஸ் அம்பாசடர்’களுக்கும் ஒண்ணு. ஒரு கோர்ஸ் கம்பெனிகிட்ட பணமோ இலவசமோ வாங்கிட்டு, ‘என் வாழ்க்கையை மாற்றிய கோர்ஸ்’னு எழுதினா அது விளம்பரம். விளம்பரம்னா விளம்பரம்னு சொல்லணும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லயே இதுக்கு வழிகாட்டு நெறி கொடுத்திருக்கு. நெறியை விடுங்க, உங்களை நம்பி காசு கட்டப் போறது உங்க ஜூனியர்தானே?

‘ஆனா ரீச் வேணுமே?’

வேணும்தான். கீவேர்டு இருந்தாதான் எச்.ஆர். தேடும்போது நம்ம பேர் வரும் என்பதும் சரி. அதுக்கு இடம் உங்க ஹெட்லைனும் ஸ்கில்ஸ் பகுதியும். அங்கே தாராளமா போடுங்க. போஸ்ட்டோட வேலை வேற. தேடி வந்தவர் ரெண்டு நிமிஷம் நின்னு, ‘இவன் வேலை பார்த்திருக்கான்’ என்று நினைக்கணும். ஆயிரம் பேர் தள்ளிட்டுப் போறதை விட அஞ்சு பேர் நின்னு படிக்கிறது மேல்.

‘எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்லையே’ன்னு சொல்றவங்களை நான் நம்பலை. லேப்ல ரீடிங் ஏன் தப்பா வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிருப்பீங்க. மினி புராஜெக்ட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு லூஸ் கிரவுண்ட் ஒயரைப் பிடிச்சிருப்பீங்க. வீட்டு மிக்ஸியைக் கழட்டி மாட்டியிருப்பீங்க. அதுல எது போச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க, எவ்வளவு செலவாச்சுன்னு ஆறு வரி எழுதுங்க. சர்டிஃபிகேட்டை விட அதைப் படிக்கத்தான் ஆள் இருக்கு.

எழுதி முடிச்சதும் ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. என் பேரை எடுத்துட்டு இன்னொருத்தன் பேரைப் போட்டாலும் இந்த போஸ்ட் அப்படியே பொருந்துமா? பொருந்தினா அது உங்களோடது இல்லை, திரும்ப எழுதுங்க. ரெண்டாவது, இது வெளியே போனா யாருக்காவது கதவு அடையுமா? நான் இதைக் கேட்காமப் போட்டதாலதான் நாலு ஜூனியர்ஸ் வெளியே நின்னாங்க.

போன மாசம் அந்த ஓனர்கிட்ட மறுபடியும் பேசினேன். இந்த வருஷம் ரெண்டு பேர் வரலாம்னு சொல்லியிருக்கார். போன் மட்டும் கேட்டிலேயே கொடுத்துடணுமாம். போறவங்க ஒரு பாக்கெட் நோட்டும் ஒரு சாதா ஸ்டாப்வாட்ச்சும் கொண்டு போங்க. நல்ல போஸ்ட் எழுத அது ரெண்டும் போதும்.