மல்லிகை வாசமும் யூ மரமும்

கஷாயத்துக்கு மருதம்பட்டை வேண்டுமென்றால் கொஞ்சம் செதுக்கிக்கொண்டு வருகிறோம். மரம் பிழைத்துக்கொள்ளும். சுற்றிலும் உரித்துவிட்டால்? அதோடு அதன் ஆயுசு முடிந்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் யூ என்று ஒரு மரம். பெரிய மரங்களின் நிழலில் ஒடுங்கி, ஆடி அசைந்து வளரும். 1962-ல் அதன் பட்டையை ஆராய்ச்சிக்கு எடுத்துப் போனார்கள். மன்ரோ வால் என்பவரும், நம் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும் அதிலிருந்த சரக்கைப் பிரித்து, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அதுதான் டாக்ஸால் என்னும் புற்றுநோய் மருந்து.

ஆனால் பாருங்கள், 100 வயது மரத்தை உரித்தால் கிடைப்பது சுமார் 3 கிலோ பட்டை. அதில் தேறும் மருந்து ஒரு நோயாளிக்கு ஒரு தடவைக்குத்தான் காணும்! 1992-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு இதை அமெரிக்க அரசு அனுமதித்தது. தாயைக் காப்பாற்றுவதா, காட்டைக் காப்பாற்றுவதா? நல்ல தர்மசங்கடம்!

யூ மரத்தின் இலையிலுள்ள ஒரு பொருளைக்கொண்டு மருந்து செய்து சிறிது காலம் சமாளித்தார்கள். பிறகு வந்ததுதான் வேடிக்கை.

மரத்தின் ஒரு துணுக்கைக் கிருமி அண்டாத சீசாவில் வைத்து, சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் ஊட்டினார்கள். வேரும் இல்லாமல் இலையும் இல்லாமல் உயிரணுக்கள் வெறும் கட்டியாகப் பெருகின. அதைத் திரவத்தில் விட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தால், கஞ்சியில் நொய் மிதப்பதுபோல் மிதந்து வளர்கிறது. எல்லாம் சரி, மருந்து மட்டும் சரியாகச் சுரக்கவில்லை! வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தால் அதற்கு என்ன கவலை?

செடியைப் பூச்சி கடித்தால் அதற்குள் ஓர் அபாய அறிவிப்பு பரவும். அதைப் பரப்பும் பொருள்களில் ஒன்று, நம் மல்லிகையின் வாசனையிலும் இருக்கும் மெதில் ஜாஸ்மோனேட். அதைத் துளி விட்டதும், 'எதிரி வந்துவிட்டான்' என்று உயிரணுக்கள் ஏமாந்து மருந்தைச் சுரந்து தள்ளின! ஜெர்மனியில் 75,000 லிட்டர் வரை கொள்ளும் தொட்டிகளில் இந்த வளர்ப்பு நடந்தது. இம்முறைக்கு 2004-ல் அமெரிக்க அரசின் பசுமை ரசாயனப் பரிசும் கிடைத்தது.

எல்லாச் செடியும் இப்படி ஏமாறும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் கொல்லைப்புறத்து நித்தியகல்யாணியும் புற்றுநோய் மருந்து தருவதுதான். அதன் உயிரணுக்களைச் சீசாவில் வளர்த்தால் மருந்தின் ஒரு பாதியைச் செய்கின்றன. மறு பாதிக்கு இலை வேண்டுமென்று அடம் பிடிக்கின்றன. அதனால்தான் நம் தென் மாவட்டங்களில் இன்னும் அதை வயலில் பயிரிட்டு அறுக்கிறார்கள்.