மாலைக்கண்: ஒரு சொல்லுக்குள் இரு நோய்கள்

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக ஏற்காடு மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் இருக்கிறது குப்பனூர். சுற்றுலா வருவோர் பெரும்பாலும் மற்றொரு மலைப்பாதையிலேயே போய்விடுவதால், அந்தி சாய்ந்தபின் இங்கே நடமாட்டம் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்திலிருந்து நம் வகுப்புக்கு மாணவன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். இலக்கிய மன்றக் கூட்டம் எதிலும் கடைசிவரை இருக்கமாட்டான். ஐந்து மணி ஆனதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவான். கார்த்திகை மாதத்துக் கூட்டமொன்றில் அவன் அவ்வாறு எழுந்தபோது, "உனக்கென்ன மாலைக்கண்ணா?" என்று கேட்டோம். அரங்கமே சிரித்தது. அவனும் சிரித்தான், பின் உட்கார்ந்துவிட்டான்.

அன்றிரவு குப்பனூர் நிறுத்தத்தில் இறங்கிய அவன், தேநீர்க் கடைத் திண்ணையில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தான் என்பதும், தம்பி கைவிளக்கோடு வந்து கையைப் பற்றி அழைத்துப் போனான் என்பதும் பிறகுதான் நமக்குத் தெரிந்தன. தேர்வுக் கட்டணம் செலுத்த வந்த அவன் தந்தை, "சாயங்காலமானா பையனுக்குத் தடம் தெரியாதுங்க ஐயா, சின்ன வயசிலேருந்தே அப்படித்தானுங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நாம் கேலியாகச் சொன்னது அவனுடைய நோயின் பெயராகவே இருந்திருக்கிறது.

அந்தச் சிரிப்பு நம்முடையது மட்டுமல்ல. 1991-ல் வெளிவந்த 'சின்னத்தம்பி' படத்தில் மாலைக்கண் உள்ளவராகக் கவுண்டமணி நடித்த காட்சிகளுக்குச் சிரிக்காத தமிழர் குறைவு. பொழுது சாய்ந்ததும் தடுமாறுகிறவனை நகைச்சுவைப் பாத்திரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் நாம் இங்கே சொல்ல வருவது சிரிப்பின் குற்றத்தை அன்று. மாலைக்கண் என்ற அந்த அழகிய சொல்லே ஓர் உண்மையை மறைத்து வைத்திருக்கிறது என்பதைத்தான்.

நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரு வகை. மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சிச் செல்கள். ஒரு கண்ணில் ஏறத்தாழ பன்னிரண்டு கோடி. பகலொளியிலும் நிறங்களிலும் வேலை செய்பவை கூம்புச் செல்கள். அறுபது லட்சம் அளவில். குச்சிச் செல்லுக்குள் ரோடாப்சின் என்ற பொருள் இருக்கிறது. ஒளி பட்டதும் அது சிதைந்து, மீண்டும் உருவாகிறது. அது உருவாக வைட்டமின் ஏ வேண்டும். இந்த உறவைக் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் அந்திப் பார்வை போகிறது. இங்கே செல்கள் சாகவில்லை, உணவின்றி வாடுகின்றன. உணவு கிடைத்தால் பெரும்பாலும் மீள்கின்றன. ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும் கொடுங்கள் என்ற பாட்டி வைத்தியத்தில் உண்மை இருந்தது இதனால்தான்.

இந்த மாலைக்கண்ணோடு தமிழ்நாடு நடத்திய போர் பெருமைக்குரியது. 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியும் அவருடன் பணியாற்றியோரும், பார்வை இழப்பையும் குழந்தைகளின் ஊட்டக் குறைவையும் ஒரே கேள்வியாகப் பார்த்தார்கள். லட்சுமி ரஹ்மத்துல்லா முதலானோர் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990-ல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. கண்ணுக்கென்று கருதப்பட்ட சத்து உயிரையே காத்தது என்ற செய்தி, நம் மாவட்டமொன்றிலிருந்து உலகுக்குப் போனது. குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-லேயே தொடங்கியிருந்தது. இன்று அந்தக் குறைபாட்டால் கண்ணிழக்கும் குழந்தையைக் காண்பது அரிதாகிவிட்டது.

நம் மாணவனுக்கு இருந்தது அந்த மாலைக்கண் அன்று. பாட்டி பத்தாண்டுகள் ஈரலும் பொன்னாங்கண்ணியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பயனில்லை. ஏனென்றால் அவனுடையது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற மரபு நோய். இதில் குச்சிச் செல்கள் வாடுவதில்லை, சாகின்றன. முதலில் அந்திப் பார்வை போகும். பிறகு பக்கவாட்டுப் பார்வை ஒடுங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகும். இறுதியில் கூம்புச் செல்களும் தேய்கின்றன. எண்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களில் ஏதேனும் ஒன்றில் நேரும் பிழை இதற்குக் காரணமாகலாம். உலக அளவில் ஏறத்தாழ நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இது வருகிறது என்பர். தென்னிந்தியாவில் இதன் விகிதம் அதைவிட அதிகம் என ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஏன் அதிகம் என்ற கேள்வியில்தான் நம்மவர் முகம் சுளிப்பர். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நூற்றுக்கு 28 உறவுக்குள் நடப்பவை. இந்தியச் சராசரி 11. மாமன் மகளும் அக்காள் மகளும் நம் கதைகளில், திரைப்படங்களில் எவ்வளவு இனிமையாக வந்திருக்கிறார்கள்! ஒரு பிழைபட்ட மரபணுவைச் சுமப்பவர் தாம் நோயின்றியே வாழ்வார். அதே பிழையைச் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே குடும்பத்துக்குள் மணந்தால் அத்தகைய இருவர் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. நம் மாணவனின் தந்தை மணந்தது சொந்த அக்காள் மகளை.

இதைச் சொல்லும்போது இரு எச்சரிக்கைகள் வேண்டும். உறவில் மணந்த பெரும்பாலோரின் குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றனர். உறவில் மணக்காத பெற்றோருக்கும் இந்நோயுள்ள குழந்தை பிறக்கலாம். ஆகவே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஆனால் வீட்டில் ஒருவருக்கு அந்தியில் தடுமாற்றம் இருக்கிறது என்ற உண்மையை அடுத்த திருமணத்தின்போது 'அது சத்துக்குறைவுதான்' என்று மூடிவைக்கத் துணையாவது இந்தச் சொல்லே. ஒரே பெயர், இரண்டு காரணங்கள். எளிதில் குணமாகும் நோயின் பெயருக்குப் பின்னால் குணமாகாத நோய் ஒளிந்துகொள்கிறது.

இன்னும் குணமாகாத நோய் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஆய்வு நிற்கவில்லை. ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணுவின் பிழைக்கு, சரியான மரபணுவை விழித்திரைக்கு அடியில் செலுத்தும் மருத்துவத்துக்கு அமெரிக்கா 2017-ல் அனுமதி அளித்தது. இரு கண்களுக்கும் அங்கு அறிவிக்கப்பட்ட விலை எட்டரை லட்சம் டாலர். 2021-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், இந்நோயால் பார்வையிழந்த 58 வயதுக்காரர் ஒருவரின் விழித்திரையில், ஒளியுணரும் பாசிப் புரதமொன்றின் மரபணுவைப் புகுத்தினர். சாகாமல் எஞ்சியிருந்த நரம்புச் செல்கள் ஒளியை உணரத் தொடங்கின. சிறப்புக் கண்ணாடி அணிந்து அவரால் மேசைமேல் இருந்த பொருள்களைக் கண்டறிய முடிந்தது. இவை எவையும் நாளை காலை குப்பனூருக்கு வந்துவிடப் போவதில்லை. வரும்போது யாருக்கு எந்த மரபணுவில் பிழை என்பது தெரிந்திருந்தால்தான் பயன். மரபணுச் சோதனையும் ஆலோசனையும் மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் உண்டு.

அதுவரை செய்யக்கூடியவை சில உள்ளன. அந்தியில் தடுமாறும் குழந்தைக்கு ஈரல் கொடுப்பதோடு நிற்காமல், விழித்திரையை ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பார்வைக் கூர்மையை மட்டுமன்றிப் பார்வைப் புலத்தின் ஒடுக்கத்தையும் கணக்கில் கொள்கிறது. நேராகப் பார்த்துப் புத்தகம் படிக்க முடிகிறவனுக்கும், புலம் நாற்பது பாகைக்குக் கீழ் ஒடுங்கியிருந்தால் உரிமை உண்டு. இதை அறியாத ஆசிரியர்கள் நம்மைப் போல் பலர் இருப்பர்.

தமிழ் படித்தவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சத்துக்குறைவால் வருவதற்கு மாலைக்கண் என்ற பெயர் இருக்கட்டும். செல்கள் சாகும் இந்த நோய்க்கு, ஒரு தாய் தயங்காமல் சொல்லக்கூடிய, கேட்பவர் சிரிக்காத ஒரு தமிழ்ப்பெயர் வேண்டும். நமக்கு இன்னும் தோன்றவில்லை. வாசகர்கள் யோசிக்கலாம்.

அந்த மாணவன் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லீங்க ஐயா" என்றான். எங்கள் இலக்கிய மன்றக் கூட்டங்கள் அதன்பின் காலை பத்து மணிக்கே நடக்கின்றன.