பதக்கம் யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன், அழகர்மலை அடிவாரத்தில் பள்ளிச் சிறுவரோடு மூன்று நாள் சாரணர் முகாமில் தங்கியிருந்தோம். சேரியிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் விடியுமுன் எழுந்து அனைவருக்கும் நீர் சுமந்தான். கழிப்பறைக் குழிக்கு மண்ணிட்டான். இறுதி இரவில், பாசறைத் தீயின் முன் ‘சிறந்த சாரணன்’ என அழைக்கப்பட்டவனோ நன்கொடையாளர் ஒருவரின் மகன். பதக்கத்தை அணிவித்தவை நம் கைகளே. அந்த வெட்கமே இதை எழுதத் தூண்டுகிறது.

சிறுவருக்கு விருதே கூடாது என்பாரோடு நாம் உடன்படவில்லை. யார், எதற்காக, எவ்வாறு தருகிறார் என்பதே வினா. 1907-இல் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அணிகளில் கலந்து வாழ்ந்தனர். சாரணியத்தின் கருவே அச்சமத்துவம்.

அமெரிக்கச் சாரணர் 1915-இல் இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றனர். டெலவேர் ஆற்றிலுள்ள டிரெஷர் தீவு முகாமில் குட்மன், எட்சன் என்னும் இருவர் ‘அம்பு அணி’ என்ற சிறப்புக் கழகத்தைத் தொடங்கினர். அதில் சேரத் தக்கவரைத் தேர்ந்தெடுப்பவர் உடனுறையும் சாரணரே. கழகத்தில் இல்லாதோரும் வாக்களிப்பர். தேர்வு பெற்றவருக்கு உடனே மாலை விழுவதில்லை. ஓரிரவு தனியே உறங்க வேண்டும். மறுநாள் பேசாமல், சிறிதளவே உண்டு, முகாமுக்காக உழைக்க வேண்டும். அங்கே பெருமையின் வாசல் உழைப்பு!

அக்கழகத்தில் அனைத்தும் நன்றன்று. பூர்வகுடியினர் நிலத்தை இழந்தபின், அவர்தம் உடையையும் சடங்கையும் பிறர் புனைந்து ஆடியது முறையன்று. சடங்கைச் சூழ்ந்த மறைபொருளும் நமக்கு ஆகாது. பெற்றோருக்கு ஒளிக்க வேண்டிய எதுவும் பிள்ளைகளுக்கு நன்மை தராது. வேடத்தை விடுவோம், நெறியைக் கொள்வோம்.

நம் நிலை என்ன? ஆளுநர் விருது, குடியரசுத் தலைவர் விருது ஆகியன உயர்ந்த நோக்கில் எழுந்தவை. ஆனால் ரயில்வே வேலையில் சாரணருக்கு ஒதுக்கீடு உண்டென்பதால், சான்றிதழே குறியாகிவிடும் வீடுகள் பலவற்றைக் காண்கிறோம்.

“சிறுவரின் வாக்கும் சாதி பார்த்து விழாதோ?” எனச் சிலர் கேட்பர். விழலாம். பெரியவர்களாகிய நம் தீர்ப்பு மட்டும் அப்படி விழவில்லையா? மூன்று நாள் ஒரே குடத்து நீரைப் பருகியவர்களுக்கு, அதைச் சுமந்தவன் யாரெனத் தெரியும்.

ஆகவே, நம் பங்குப் பள்ளிகளின் முகாம்களில் இனிச் சிறுவரே மறைவாக வாக்களிக்கட்டும். தேர்வு பெற்றவன் மறுநாள் காலை முதல் ஆளாய் மண்வெட்டி எடுக்கட்டும். இடையில் துண்டைக் கட்டிச் சீடரின் பாதம் கழுவியவரைப் பின்செல்லும் நமக்கு, வேறு பதக்கம் எதற்கு?